கோய் கெண்டை வளர்ப்பு: முதலில் வடிகட்டி, பிறகே மீன்

சேலம், நாமக்கல் சமவெளியில் கோழியும் கறவை மாடும் வைத்திருக்கும் விவசாயிகளில் சிலர், உபதொழிலாக வண்ண மீன் வளர்ப்பில் இறங்கி வருகிறார்கள். அவர்களுள் பலரது நாட்டம் கோய் கெண்டையின் மீது செல்கிறது. இம்மீன் பார்வைக்கு அழகு, கையாள எளிது, நல்ல விலைக்கும் போகும். ஆனால் முதலீட்டை அவர்கள் செய்யும் வரிசை கவலை தருகிறது. முதலில் சிமெண்டுத் தொட்டி, அடுத்து மீன், அதன் பின் தீவனம், கையில் ஏதேனும் மிஞ்சினால் வடிகட்டி என்று போகிறது கணக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வடிகட்டி தயாராகி, அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே மீன் வாங்க வேண்டும்.

கோய் கெண்டை ஏதோ மாயமான அன்னிய மீன் அல்ல. ஏரி குளங்களில் விவசாயிகள் வளர்க்கும் சாதாக் கெண்டையின் வண்ண வகையே அது. ஜப்பானில் நீகாட்டா மாநிலத்து யாமகோஷி மலைக் கிராமங்களில், நெல் வயலோரக் குட்டைகளில் உணவுக்காக வளர்க்கப்பட்ட கெண்டைகளிடையே 19ஆம் நூற்றாண்டில் நிறம் மாறிய மீன்கள் தோன்றின. விவசாயிகள் அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினர். 1914இல் டோக்கியோ பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகே அவை வெளியுலகுக்குத் தெரிந்தன. தமிழகத்திற்கும் சாதாக் கெண்டை புதிதல்ல. 1939இல் அது இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. பாங்காக் இனம் 1957இல் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே மீனைப் பற்றிய அறிவு இங்கே இருக்கிறது. நெருக்கமாக மீன் விட்ட சிமெண்டுத் தொட்டியில் தண்ணீரைக் காப்பாற்றும் அறிவுதான் போதவில்லை.

கோழிக் கொட்டகையும் மீன் தொட்டியும்

நாமக்கல் கோழிப் பண்ணையாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. கூண்டிலிருக்கும் கோழியின் எச்சம் கீழே விழுகிறது, கோழி மேலே நிற்கிறது. எச்சம் ஈரமாகி நாற்றம் எழும்பினால் கண் எரிகிறது. அது அமோனியா வாயு. பண்ணையாளர் உடனே காற்றோட்டத்தைக் கவனிக்கிறார். மீனுக்கோ மேலே, கீழே என்ற பிரிவே கிடையாது. உண்பது, கழிப்பது, மூச்சு விடுவது எல்லாம் அதே தண்ணீரில்தான். அமோனியாவை மீன் பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தாலும் அமோனியா அதில் கரைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது.

வடிகட்டி என்றதும் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றே பலரும் நினைக்கிறார்கள். அழுக்கைப் பிடிப்பது அதன் பாதி வேலை. மறுபாதி வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். ஜல்லி, செங்கல் துண்டு, நைலான் வலை ஆகியவற்றின் மேல் வழவழப்பான படலமாகப் படியும் இவற்றில் ஒரு பிரிவு அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு பிரிவு நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நிலத்தில் போடும் அம்மோனியம் சல்பேட் உரம் பயிருக்கு ஏற்ற நைட்ரேட்டாக மாறுவதும் இதே வழியில்தான். வயலில் இயல்பாக நடப்பதைத் தொட்டியோரம் ஒரு பெட்டிக்குள் நடத்துவதே வடிகட்டி.

உப்புத் தண்ணீரின் இரண்டு முகங்கள்

பாறைப் பாங்கான இம்மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை மிக்கது. மக்கள் இதை உப்புத் தண்ணீர் என்றே சொல்வார்கள். ரிக் லாரிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டைச் சுற்றிலும், ராசிபுரம் பகுதியிலும் இதுவே நிலை. காவிரியை ஒட்டிய பரமத்தி வேலூர் போன்ற இடங்களில் மட்டும் நிலை மாறலாம். வெளியூர்ப் புத்தகத்தையோ விற்பனையாளரின் விளம்பரத் தாளையோ பார்த்து வடிகட்டி அமைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

தண்ணீரில் உள்ள அமோனியா முழுவதும் நஞ்சல்ல. அதில் எவ்வளவு நஞ்சாகிறது என்பதைக் கார அமில நிலையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் கார அமில நிலை 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் ஒரு சதவிகிதத்திற்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். அந்த நிலை 8 ஆனால் சுமார் 7 சதவிகிதம். 8.5 ஆனால் சுமார் 20 சதவிகிதம். 9ஐத் தொட்டால் பாதிக்குச் சற்றே குறைவு. மென்மையான நீரில் தாக்குப்பிடிக்கும் மீன், அதே அளவு அமோனியாவில் சேலத்துச் சித்திரை வெயிலில் செத்துப்போவதற்குக் காரணம் இதுவே.

இதே உப்புத் தண்ணீருக்கு நல்ல முகம் ஒன்றும் உண்டு. நுண்ணுயிர்கள் ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, சுண்ணாம்புக் கணக்கில் சுமார் 7 கிராம் காரச் சத்தைச் செலவிடுகின்றன. மழைநீரையும் மென்னீரையும் நம்பியிருப்பவர்களுக்கு இந்தச் சத்து விரைவில் தீர்ந்து, நீர் புளித்து, வடிகட்டியே நின்றுவிடும். இங்குள்ள கிணற்று நீரில் அந்தச் சேமிப்பு தாராளமாக இருக்கிறது. ஆகவே உப்புத் தண்ணீரை மாற்ற விலையுயர்ந்த மருந்துகளை ஊற்றுவது வீண். வடிகட்டியைப் பெரிதாக அமைத்து, அமோனியாவைச் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதே இம்மாவட்டங்களுக்கு ஏற்ற வழி. மழைநீரை மட்டும் பயன்படுத்துவோர், வடிகட்டிப் பெட்டியில் கிளிஞ்சலோ சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் துண்டுகளோ ஒரு கூடை போட்டு வைப்பது நல்லது.

அளக்க வேண்டியது தீவனத்தை

“பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு ஏற்ற பில்டர்” என்று கேட்டு வாங்குவது வழக்கமாக இருக்கிறது. இது தவறான கேள்வி. அமோனியா தொட்டியிலிருந்து வருவதில்லை, தீவனத்திலிருந்து வருகிறது. 35 சதவிகிதம் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், சுமார் 30 கிராம் அமோனியா நைட்ரஜன் நீரில் சேரும் என்பது கணக்கு.

பத்தடி நீளம், எட்டடி அகலம், நான்கடி ஆழம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9,000 லிட்டர் நீர் கொள்ளும். அதில் கால் கிலோ எடையுள்ள 60 மீன்கள் இருந்தால் மொத்தம் 15 கிலோ. உடல் எடையில் 2 சதவிகிதம் தீவனம் என்றால் நாளுக்கு 300 கிராம். அதிலிருந்து வரும் அமோனியா 9 கிராம். அதாவது ஒரே நாளில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். கார அமில நிலை 8.5 உள்ள நீரில் இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிகிராம் நஞ்சாகிறது. மீன் நலமாக இருக்க நஞ்சு வடிவம் 0.05ஐத் தாண்டக்கூடாது. ஒரு நாள் தீவனமே எல்லையை நான்கு மடங்கு தாண்டிவிடுகிறது.

வடிகட்டி பணக்காரர்களின் ஆடம்பரம், தண்ணீரை மாற்றினாலே போதும் என்று வாதிடுவோர் இந்தக் கணக்கைச் சற்றே நீட்டிப் பார்க்க வேண்டும். நீர் மாற்றத்தினால் மட்டும் அந்த 9 கிராம் அமோனியாவை எல்லைக்குள் வைக்க, நாளொன்றுக்கு 36,000 லிட்டர் புதுநீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் தினம் மூன்று லாரி. நூற்றுக்கணக்கான அடி ஆழம் துளைத்தும் வறண்டுபோகும் கிணறுகள் நிறைந்த ஊரில் இது நியாயமாகுமா? அண்டை வீட்டுத் தென்னை காயும்போது அறுபது மீனுக்கு இவ்வளவு நீரை இறைப்பது தொழிலும் ஆகாது, தருமமும் ஆகாது.

சொட்டுநீர் வடிகட்டி உதவாது

சொட்டுநீர்ப் பாசனத்திற்கு வாங்கிய மணல் வடிகட்டியோ தட்டு வடிகட்டியோ வீட்டில் சும்மா கிடந்தால், அதையே மீன் தொட்டிக்கு மாட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அவை கிணற்று நீரின் மண்ணையும் பாசியையும் பிடிப்பதற்கானவை. மீனின் எச்சமும் உடல் வழவழப்பும் பசை போல மணலை அடைத்து, நீர் ஒரே ஓட்டையின் வழியே பாயத் தொடங்கும். மற்ற இடங்களில் காற்றின்றி அழுகல் ஏற்படும்.

புற ஊதா விளக்கு பற்றியும் ஒரு சொல். பச்சை நிறப் பாசியைக் கொன்று நீரைத் தெளிய வைக்கும், அவ்வளவே. அமோனியாவை அது தொடாது. உண்மையில் பாசி ஓரளவு அமோனியாவை உண்கிறது. ஆகவே நல்ல வடிகட்டி இல்லாத தொட்டியில் விளக்கை மட்டும் மாட்டுவது, நீரைத் தெளிவாக்கி ஆபத்தைக் கூட்டுவதாகும். தானே சுழன்று கழுவிக்கொள்ளும் டிரம் வடிகட்டிகள் நல்லவைதான். ஆனால் பெரிய பண்ணைக்கே அந்த விலை கட்டுப்படியாகும்.

உள்ளூர்ப் பொருளில் அமைக்கும் முறை

மேற்சொன்ன தொட்டிக்கே ஓர் அமைப்பைப் பார்ப்போம். தொட்டியின் தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் நான்கு அங்குலக் குழாய் பதித்து, வெளியே ஆயிரம் லிட்டர் கொள்ளும் வண்டல் தொட்டிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வண்டல் தொட்டியின் நீர்மட்டமும் மீன் தொட்டியின் நீர்மட்டமும் ஒன்றாக இருந்தால் நீர் தானே பாயும். எச்சம் அங்கே அடியில் தங்கும். அடியில் ஒரு வால்வு வைத்துத் தினமும் ஒரு நிமிடம் திறந்துவிட வேண்டும்.

அடுத்த அறையில் பழைய நைலான் வலையைத் தளர்வாகச் சுருட்டி வைத்தால் மிதக்கும் தூசி அதில் படியும். அதற்கும் பிறகே மோட்டார் இருக்க வேண்டும். மோட்டாரை மீன் தொட்டிக்குள் நேராக இறக்குவது பெரிய தவறு. அது எச்சத்தை மாவாக அரைத்துவிடும். பிறகு எந்த வலையாலும் அதைப் பிடிக்க முடியாது. இரண்டு மணிக்கு ஒருமுறை தொட்டி நீர் முழுவதும் சுற்றி வர, மணிக்கு 4,500 லிட்டர் தள்ளும் மோட்டார் தேவை. 100 வாட் மோட்டார் நாள் முழுதும் ஓடினால் 2.4 யூனிட் ஆகும்.

மோட்டார் தள்ளும் நீர் நுண்ணுயிர்க் கோபுரத்தின் மேல் விழ வேண்டும். இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரம் கொண்ட செங்கல் கட்டு போதும். அடியில் கடப்பாக் கல் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, அதன் மேல் நன்றாகக் கழுவிய முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியை நிரப்பலாம். ஒரு கன மீட்டர் ஜல்லியில் நுண்ணுயிர் படிய ஏறத்தாழ 150 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். இந்த 20 கன அடியில் சுமார் 85 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் நாளொன்றுக்கு 0.2 கிராம் அமோனியாவை மாற்றும் என்று குறைத்து மதிப்பிட்டாலும், 9 கிராமுக்கு 45 சதுர மீட்டர் போதும். மீதி எதிர்கால வளர்ச்சிக்கு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் வளையங்களில் பரப்பு இதைப்போல் மூன்று மடங்கு. இடம் குறைவாக உள்ளவர்கள் அதை வாங்கலாம், மற்றவர்களுக்கு ஜல்லியே போதும்.

நீர் மேலிருந்து சொட்டி இறங்கும் இந்த முறையை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். ஒரு கிராம் அமோனியாவுக்கு நாலரை கிராம் பிராணவாயு செலவாகிறது. 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் மட்டுமே கரைந்திருக்கும். மூடிய பெட்டியில் நீரில் மூழ்கிய ஜல்லி, மின்சாரம் நின்ற சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த நஞ்சு நேராக மீனுக்குப் போய்ச் சேரும். சொட்டு கோபுரத்தில் ஜல்லி ஈரமாகவும் காற்றோட்டமாகவும் இருப்பதால் நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்கும். மீனுக்கு மட்டும் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இருந்தால் போதும். தொட்டியின் மேல் நிழல் வலை கட்டுவதும் அவசியம்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு, கரியமில வாயு மிகுதி. ஆகவே ஒரு நாள் வேறு தொட்டியில் தேக்கிக் காற்றடித்த பிறகே விட வேண்டும். மேட்டூரிலிருந்து வரும் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனுக்கும் பகை, நுண்ணுயிருக்கும் பகை. சேகோ ஆலைக் கழிவு ஊறிய கிணற்று நீரைத் தொடவே வேண்டாம்.

ஆறு வாரப் பொறுமை

கட்டி முடித்த அன்றே மீன் விடுவதுதான் புதியவர்களை வீழ்த்துகிறது. நுண்ணுயிர்ப் படலம் முழுமையாக வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரைட் ஏறியபோது மீனின் இரத்தம் பழுப்பாகி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மேலே வந்து வாய் திறக்கும். வளர்ப்பவர் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார். அந்த மருந்து அரைகுறையாக வளர்ந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். இரண்டாம் முறை வாங்கும் மீனும் அதே வழியில் போகும். குஞ்சு விற்றவர் மேல் பழி விழும்.

புதுச் சிமெண்டுத் தொட்டியை இரண்டு மூன்று வாரம் நீர் மாற்றி ஊறவைத்த பின், நலமான பழைய வடிகட்டியின் ஜல்லி ஒரு வாளி கிடைத்தால் கொட்டலாம். விலை குறைந்த சாதாக் கெண்டைக் குஞ்சு சிலவற்றை விட்டு, சிறிதளவு தீவனமிட்டு, வாரம் இருமுறை சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டியால் அமோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறி இறங்கி ஏறத்தாழ பூஜ்யத்தில் நின்ற பிறகே கோய் வாங்கலாம். நைட்ரைட் உயர்ந்திருக்கும்போது ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ சமையல் உப்பு கரைப்பது மீனைக் காக்கும். ஜல்லியைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவக்கூடாது. தொட்டி நீரிலேயே லேசாக அலச வேண்டும், அதுவும் ஒரே சமயத்தில் முழுவதையும் அல்ல.

வாங்கிய மீனையும் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1998இல் இஸ்ரேலில் தெரியவந்த கோய் ஹெர்ப்பிஸ் போன்ற நச்சுயிரி நோய்களை எந்த வடிகட்டியும் தடுக்காது.

எல்லோருக்கும் வடிகட்டி வேண்டுமா?

வேண்டாம். பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள், மீனை நெருக்கமின்றி விட்டால், மண்ணும் பாசியும் சூரியனும் சேர்ந்து வடிகட்டியின் வேலையைச் செய்துவிடும். ஜப்பானிய வளர்ப்பாளர்களே கோடை முழுவதும் மண் குட்டையில் வளர்த்து, குளிர் வருமுன் பிடித்துச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். வளர்ப்புக்குக் குட்டை, தரம் பிரித்து விற்பனைக்குக் காட்ட வடிகட்டியுள்ள சிறு தொட்டி என்ற ஏற்பாடே இங்குள்ள சிறு விவசாயிக்குச் சிக்கனமானது. ஆனால் குட்டை மீன் ஆற்றுக்கோ ஏரிக்கோ தப்பிப் போகாமல் வடிகாலில் வலை கட்ட வேண்டும்.

வண்டல் தொட்டியிலிருந்து தினமும் வரும் கழிவு நீரை வீணாக்கவும் வேண்டாம். தென்னை, வாழை, தீவனப் புல் ஆகியவற்றுக்கு அது நல்ல ஊட்டம். உப்பு கரைத்த நாட்களில் மட்டும் பயிருக்கு விடக்கூடாது.

மானியமும் பயிற்சியும்

2020இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாயும் நடுத்தர அலகுக்கு 8 லட்சம் ரூபாயும் மதிப்பீடாக வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மானியம் போக மீதியை விவசாயி கடனாகத்தான் வாங்குகிறார். மீன் செத்தாலும் தவணை சாகாது. ஆகவே இத்தகைய திட்டங்களில், நீரின் அமோனியாவும் நைட்ரைட்டும் சரியாக இருப்பதைப் பரிசோதித்த பிறகே மீன் வாங்குவதற்கான தொகையை விடுவிக்கும் விதி வேண்டும். தொட்டி கட்டியதைப் புகைப்படம் எடுப்பது மட்டும் போதாது.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மேட்டூர் அருகிலும் ஒரு கொளத்தூர் உண்டு. அங்கும், ஓமலூர், ராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரங்களிலும் இத்தொழில் வேரூன்ற வேண்டுமானால், பயிற்சியின் முதல் நாள் மீன் இனங்களின் பெயர்களைப் படிப்பதில் கழியக்கூடாது. தண்ணீரைப் பரிசோதிப்பதில் தொடங்க வேண்டும். பாசன நீருக்கான பரிசோதனை இதற்குப் போதாது. அமோனியாவை வளர்ப்பவரே தம் தொட்டியோரத்தில் பார்க்கக் கற்க வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களும் மீன்வளத் துறையும் இதைக் கற்பிக்க முன்வர வேண்டும்.

மாடு வாங்குமுன் தீவனப் புல்லுக்கு வழி பார்ப்பவர் புத்திசாலி விவசாயி. மீன் வாங்குமுன் அதன் தண்ணீருக்கு வழி பார்ப்பவரும் அப்படியே. ஜல்லியும் வலையும் ஆறு வாரப் பொறுமையும்தான் இதற்கு வேண்டிய முதல். இந்த முதலைப் போடத் தயங்குபவர்கள் கோய் கெண்டையில் இறங்காமல் இருப்பதே லாபம்.